மெக்புக்குக்கு அடுத்த கவாத்து எப்போது?

2025 ஒக்டோபரில் அடுத்தடுத்து வந்த இரண்டு நாட்கள் என் கடையின் பேச்சையே மாற்றிவிட்டன. 14ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. மறுநாள் அப்பிள் எம்5 சிப் பொருத்திய 14 அங்குல மெக்புக் ப்ரோ மடிக்கணினியை அறிவித்தது. அதற்கடுத்த வாரம் தீபாவளி. தேயிலைத் தோட்டத்தில் கொடுத்த முற்பணமோ, கொழும்பில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்த காசோ கையில் இருக்கிற நேரம். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறி என் பழுதுபார்க்கும் கடைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "அண்ணே, இப்போதே வாங்கிவிடலாமா, புது மொடல் வரும்வரை பொறுக்கலாமா?"

ஊகம் சொல்வது எனக்குப் பிடித்த வேலை. ஒரு மடிக்கணினியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே அதன் அடுத்த மொடலைப் பற்றிப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் காத்திருக்கும் நேரம் போய்விடும். ஆனால் அவர்கள் ஒரு கேள்வி என்று நினைத்துக் கேட்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புதிய சிப் எப்போது வரும்? புதிய உடல், அதாவது வெளிக்கூடு, எப்போது வரும்? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்வது சுலபம். ஒரே மலையில் கொழுந்து எடுப்பது ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு தடவை. அதே மலையில் தேயிலைச் செடிகளை ஒட்ட வெட்டிவிடும் கவாத்து நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை. சிப் மாறுவது கொழுந்து, உடல் மாறுவது கவாத்து. கொழுந்து என்றைக்கு என்று தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயாகூடச் சொல்லிவிடுவார். கவாத்து எந்த வருடம் என்பது தோட்டத்தை நடத்தும் துரைக்குத்தான் தெரியும்.

கொழுந்துக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். மெக்புக் எயாரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்1 வந்தது 2020 நவம்பரில். எம்2 அறிவிக்கப்பட்டது 2022 ஜூனில். எம்3, 2024 மார்ச். எம்4, 2025 மார்ச். ஆரம்பத்தில் தடுமாறிய நடை கடைசி இரண்டு தடவை மார்ச்சில் வந்து நின்றிருக்கிறது. எம்5 சிப் ப்ரோவுக்குள் வந்துவிட்டது. ஆகவே எம்5 எயார் 2026 மார்ச்சை ஒட்டி வரும் என்று சொல்ல எந்தச் சாத்திரமும் தேவையில்லை. நாள் நெருங்கும்போது சில அடையாளங்கள் தெரியும். யூரேசியப் பொருளாதார ஆணைக்குழுவின் பதிவேட்டில் புதிய மொடல் இலக்கங்கள் தலைகாட்டும். அங்கே பதியாமல் அதன் உறுப்பு நாடுகளில் விற்க முடியாது என்பதால் அப்பிளுக்கு வேறு வழியில்லை. அமெரிக்கக் கடைகளில் இருப்பு குறையும், இன்று வாங்கினால் அடுத்த வாரம் தருகிறோம் என்பார்கள். சில வேளை ரகசியம் வீதிக்கே வந்துவிடும். 2024 ஒக்டோபரில் ஒரு ரஷ்ய யூடியூபர், எம்4 மெக்புக் ப்ரோவை அப்பிள் அறிவிப்பதற்கு முன்பே பெட்டியைப் பிரித்து உலகத்துக்குக் காட்டினார். ஒரு கம்பனியின் முழு இரகசியப் பிரிவும் ஒரு பெட்டியிடம் தோற்ற நாள் அது.

கவாத்துதான் ஆட்களை ஏமாற்றுகிறது. மெக்புக் ப்ரோ பிறந்தது 2006இல். 2008 ஒக்டோபரில் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த உடல். 2012 ஜூனில் ரெட்டினா என்ற கூர்மையான திரை. 2016 ஒக்டோபரில் டச் பார் என்ற தொடுபட்டை வைத்த மெல்லிய உடல். 2021 ஒக்டோபரில் இப்போதுள்ள தடித்த உடல், மேலே ஒரு வெட்டு, திரும்பி வந்த மெக்சேஃப் என்ற காந்தச் சார்ஜர் இணைப்பு, எச்டிஎம்ஐ. இடைவெளிகளைப் பார்த்தால் நான்கு, ஐந்து என்று ஓர் ஒழுங்கு இருப்பதுபோலத் தோன்றும். இந்தப் பட்டியலைக் காட்டித்தான் பலர் 2026 என்று அடித்துச் சொல்கிறார்கள்.

எயாரின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். 2010 ஒக்டோபரில் ஆப்புப்போல மெலிந்த உடல் வந்தது. அதற்குப் பிறகு? 2018 ஒக்டோபர்வரை அதே உடல், எட்டு வருடம். இதன் நடுவில் ஊகக்காரர்கள் பட்ட பாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2014 முழுவதும் "ரெட்டினா எயார் இதோ, அதோ" என்றார்கள். இன்டெல்லின் 14 நனோமீட்டர் பிரோட்வெல் சிப் பிந்திப் பிந்தி வந்தது. அப்பிள் அந்த ஏப்ரலில் பழைய சிப்பைக் கொஞ்சம் வேகப்படுத்தி, விலையில் 100 டொலரைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. 2015இல் விசிறி இல்லாத 12 அங்குல மெக்புக் வந்ததும், "எயாரின் கதை முடிந்தது" என்று எழுதாதவர்கள் குறைவு. 2019 ஜூலையில் விற்பனையை நிறுத்தியது அந்த 12 அங்குல மெக்புக்கைத்தான். எயார் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது ஓடும் கதை இது. அடுத்த ப்ரோவுக்குப் புள்ளிகள் தாமே ஒளிரும் ஓலெட் திரை வரும், தொட்டால் வேலை செய்யும், உடல் மெலியும். ஆய்வாளர் மிங்-ச்சி குவோவும் ப்ளூம்பெர்க்கின் மார்க் குர்மனும் ஏறத்தாழ ஒரே காலத்தைச் சொல்கிறார்கள்: 2026 கடைசி அல்லது 2027 ஆரம்பம். இரண்டு பேரும் பொருட்களைத் தயாரிக்கும் கம்பனிகளின் பக்கம் காது வைத்திருப்பவர்கள். ஓலெட் திரையைத் தயாரிக்கும் ஆலை எப்போது ஓடும் என்பதை மூடி மறைப்பது கடினம். ஆகவே இந்த ஊகத்தை நான் நம்புகிறேன். பந்தயம் கட்டச் சொன்னால் 2027இல் கட்டுவேன், 2026இல் கட்டமாட்டேன். தள்ளிப்போன கதைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முந்தி வந்த கதை ஒன்றும் நினைவில் இல்லை.

சரி, வந்தால்? கவாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து இல்லை என்பது நம் பெண்களுக்குத் தெரியும். 2016 ப்ரோவின் கதையும் அதுதான். உடலை மெலிதாக்க வேண்டும் என்பதற்காகப் பட்டர்ஃபிளை விசைப்பலகையைப் போட்டார்கள். விசைகள் சிக்கின, இரட்டிப்பாக எழுதின, எழுதாமலே விட்டன. 2018 ஜூனில் அப்பிள் இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. 2019 நவம்பரில் 16 அங்குல ப்ரோவில் பழைய கத்தரி முறைக்கே திரும்பியது. 2022இல் அமெரிக்க வழக்கொன்றை 5 கோடி டொலருக்குச் சமாதானம் செய்தது. நமக்கு அந்த இலவசத் திட்டத்தால் என்ன பயன்? இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடை கிடையாது. டிக்கோயாவிலிருந்து ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய், அங்கே விட்டுவிட்டு வந்து, திரும்பவும் போக வேண்டும். புதிய உடலின் முதல் வருடத்தை வாங்குகிறவர் கம்பனிக்குக் காசு கொடுத்துச் சோதனை செய்து தருகிறார். அந்தச் சேவையைக் கலிஃபோர்னியாக்காரர்கள் செய்யட்டும். அவர்களுக்குக் கடை பக்கத்தில் இருக்கிறது.

உடலுக்காகக் காத்திருந்தவர்கள் தவறவிட்டதையும் சொல்ல வேண்டும். எம்1 எயார் வந்தபோது அதன் உடல் 2018இன் உடல்தான். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே இன்டெல் போய் அப்பிளின் சொந்தச் சிப் வந்திருந்தது, விசிறியே இல்லை, 18 மணி நேரம் வீடியோ பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பத்து வருடத்தின் மிகப் பெரிய மாற்றம் ஒரு பழைய பெட்டிக்குள் வந்தது. "உடல் மாறவில்லையே" என்று உதட்டைப் பிதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கம்பனிகள் ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. அடம் ஒஸ்போர்ன் பேங்கொக்கில் பிறந்த ஆங்கிலேயர். ரமண மகரிஷியின் அடியாராக இருந்த ஆர்தர் ஒஸ்போர்னின் மகன், சிறு வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். இவர்தான் 1981இல் ஒஸ்போர்ன் 1 என்ற, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை விற்றார். தூக்கலாம் என்பது பேச்சுக்கு; நிறை ஏறத்தாழ 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டொலர். ஆனாலும் விற்பனை அமோகம். 1983இல் அடுத்த மொடல்களைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டார். அதைக் கேட்டவர்கள் இருக்கிற மொடலை வாங்காமல் பொறுத்தார்கள். விற்பனையாளர்கள் ஓடர்களை நிறுத்தினார்கள். அந்த செப்டெம்பரில் கம்பனி வங்குரோத்து. போட்டியும் கணக்கு வழக்குகளும்கூடக் காரணம் என்று பின்னால் பலர் எழுதினார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் முன்கூட்டிச் சொல்லி விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 2003இல் அங்கேயே காலமானார். நீங்கள் "பொறுக்கலாமா?" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அப்பிளின் தலைமையகம் இருக்கும் கூப்பர்ட்டினோவில் யாரோ ஒருவர் ஒஸ்போர்னை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்.

இனி நம் கணக்குக்கு வருவோம். அப்பிளின் அட்டவணையில் நான் பார்த்த மிக மோசமான காத்திருப்பு 2022இல் நடந்தது. தலவாக்கலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அந்த பெப்ரவரியில் எம்1 எயார் வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தார். எம்2 புதிய உடலோடு வரப்போகிறது என்று எங்கும் பேச்சு. பேச்சு பொய்யில்லை, ஜூனில் வந்தது, உடலும் அழகு. ஊகம் நூற்றுக்கு நூறு சரி. பெப்ரவரியில் டொலர் 202 ரூபா அளவில் இருந்தது; எம்1 எயார் அமெரிக்காவில் 999 டொலர், பெருக்கினால் ஏறத்தாழ 2 இலட்சம். மே மாதத்தில் டொலர் 360 ரூபா. எம்2 எயார் 1,199 டொலர். அது 4 இலட்சத்து 31 ஆயிரம். இதில் வரியும் இல்லை, கடைக்காரரின் இலாபமும் இல்லை. பெறுமதி சேர் வரி வேறு அந்த வருடத்தில் மட்டும் இரண்டு தடவை ஏறியது: 8இலிருந்து ஜூனில் 12, செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18 ஆனது. அப்பிள் ஒரு உடலை மாற்றுவதற்குள் நம் நாடு வரியை மூன்று தடவை மாற்றிவிட்டது. ஊகத்தளங்களில் உள்ள "வாங்கலாம், பொறுக்கலாம்" அட்டவணைகள் எல்லாம் டொலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்காகப் போட்டவை. அவற்றில் மத்திய வங்கிக்கு ஒரு நிரல் இல்லை.

2025 ஒக்டோபரில் டொலர் 300 ரூபாவைச் சுற்றி நின்றது. அன்றைய எம்4 எயாரின் 999 டொலரை அப்படியே மாற்றினால் 3 இலட்சம். தோட்டத்தில் நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபா. 222 நாள் வேலைக்குப் பேர் போட வேண்டியிருந்தது, ஒரு சதமும் செலவழிக்காமல்.

அதனால் என் கடையில் மெக்புக் அபூர்வம். நான் அதிகம் திறப்பது லெனோவோ கம்பனியின் திங்க்பேட். ஐரோப்பாவிலும் டுபாயிலும் அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டுக் கொத்தாகக் கழித்துவிடும் மடிக்கணினிகள், கொழும்பு வழியாக மலையேறி வருகின்றன. இங்கே "புது மொடல்" என்றால் அங்கே பழையதாகிப்போன மொடல். ஆகவே நான் பார்க்கும் ஊகம் பின்னோக்கி ஓடும். லெனோவோ நாளை என்ன அறிவிக்கும் என்பதைவிட, 2022இல் என்ன விற்றது, அதை எந்த அலுவலகம் இப்போது கழிக்கப்போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

உடல் மாற்றம் என்றால் முன்னேற்றம் என்று நினைப்பவர்களுக்கு திங்க்பேட் டி480, டி490 இரண்டையும் மேசையில் வைத்துக் காட்டுவேன். 2018இன் டி480இல் பின்பக்கப் பற்றரியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே இன்னொரு சிறிய பற்றரி இருப்பதால் கழற்றும்போது இயந்திரம் அணையாது. ரேமுக்கு இரண்டு துளைகள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இரண்டு பின்பற்றரி வைத்திருந்தவர் ராஜா. ஒரு வருடம் கழித்து வந்த டி490 மெலிந்து அழகாக இருந்தது. பின்பற்றரி போய்விட்டது. ரேமில் பாதி மதர்போர்டில் ஒட்டப்பட்டுவிட்டது. புதிய உடலுக்கு அவர்கள் கொடுத்த விலை நாம் பாவித்த வசதி. மெக்புக்கில் 2008 எயாரோடு தொடங்கிய வியாதி அது.

திரும்பி வருகிற காலமும் உண்டு. 2024இல் லெனோவோ, பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் ஆட்களோடு சேர்ந்து டி14இன் ஐந்தாம் தலைமுறையை வடிவமைத்தது. ரேமுக்கு மறுபடியும் இரண்டு துளைகள், பற்றரியைப் பாவனையாளரே மாற்றலாம், ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்பது புள்ளி கொடுத்தது. வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆகவே பலர் இதைக் கவனிக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பத்தாண்டின் நல்ல கவாத்து இதுதான். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ ஏதோ ஓர் அலுவலகத்தில் அவை இப்போது கோப்பி வட்டங்களை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2027 கடைசியில் அல்லது 2028இல் கொழும்பு யூனிட்டி பிளாசாவின் பழைய சரக்குக் கடைகளில் அவற்றைப் பார்ப்பேன் என்பது என் ஊகம். ஓலெட் மெக்புக்கைவிட இந்தத் திகதிக்காகத்தான் நான் அதிகம் ஆவலாக இருக்கிறேன்.

அக்காவின் மகளிடம் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. பேராதனையில் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் வீட்டில் முதல் ஆள். "மாமா, மார்ச்சில் எம்5 எயார் வரட்டும், அப்போது எம்4 விலை குறையும்" என்கிறாள். கணக்கு சரி, அமெரிக்காவுக்கு. இங்கே பழைய சரக்கைப் பழைய டொலருக்கு வாங்கி வைத்திருப்பவர் அதைக் குறைத்து விற்க அவசரப்படுவதில்லை. அதோடு பொறியியல் படிப்பவர்கள் இயந்திரப் பாகங்களை வரையப் பாவிக்கும் சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. மெக்கில் நேராக ஓடா. இதைச் சொன்னதும் அவள் வேறொரு கதையை எடுத்தாள். ஐஃபோனின் ஏ18 ப்ரோ சிப்பைப் போட்டு ஒரு மலிவு மெக்புக் வரப்போகிறது என்று குவோ ஜூனில் எழுதியிருந்தாரே, அது. வந்தால் மலையகத்துக்கு அதுதான் உண்மையான புது மொடலாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சொலிட்வேர்க்ஸ் அதிலும் ஓடாது. கடைசியில் இருவரும் டி480 ஒன்றில் வந்து நின்றிருக்கிறோம். நிறம் கறுப்பு என்பதுதான் இப்போதைய பிரச்சினை. ஒட்டும் படங்கள் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

டி480 கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி470ஐயும் டி480ஐயும் மூடிவைத்தால் பிரித்தறிவது கடினம். டி470இல் இருப்பது இன்டெல்லின் 7ஆம் அல்லது 6ஆம் தலைமுறை, டி480இல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8இலிருந்துதான் ஏறும். விண்டோஸ் 10இன் ஆதரவு நின்றதால் டி470ஐ மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். திரைக்குக் கீழே எழுதியிருக்கும் மொடலை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே டி470 வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 ஒக்டோபர் 13வரை நீட்டிக்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் அதற்குக் காசு இல்லை. ஒத்திசைக்க விருப்பமில்லை என்றால் 30 டொலர். கடைக்குக் கொண்டுவந்தால் செய்து தருகிறேன். காலையில் வாருங்கள். இந்தப் பருவத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி தொடங்கிவிடும். மின்னல் அடித்த மதர்போர்டுகள் ஏற்கெனவே அலுமாரி நிறைய இருப்பதால் அந்த நேரத்தில் நான் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன்.